காற்று கரையிலிருந்து அடிக்கிறதா? படகை இறக்காதீர்கள்: கடலில் துடுப்புப் போடப் புதிதாக வருபவர்களுக்கு

முதல் தடவை கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வருகிற எல்லாரும் அலையைத்தான் பார்க்கிறார்கள். அலை பெரிதாக இருந்தால் பயந்து திரும்பிவிடுகிறார்கள், நல்லது. அலையே இல்லாமல் கடல் தட்டு மாதிரி கிடந்தால் சந்தோஷமாக இறங்கிவிடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். நானும் அப்படி ஒரு ஜூலை மாதக் காலையில் இறங்கியவன்தான். ஏழு மணி, கரையோரம் ஒரு சுருக்கம்கூட இல்லாத தண்ணீர், முதுகில் இதமான காற்று, இரண்டு தள்ளு தள்ளினால் படகு பறக்கிறது, ஆகா நமக்குத் துடுப்பு நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் போய்விட்டேன். திரும்பியபோதுதான் தெரிந்தது, படகை ஓட்டியது நான் இல்லை, காற்று. முக்கால் மணி நேரம் போராடியும் கரையில் இருந்த மஞ்சள் வீடு அதே அளவில்தான் தெரிந்தது. வலை எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். கரைக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அலையப் பாத்த, சரி. காத்தப் பாத்தியா தம்பி?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

நான் பேசுவது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகுகளைப் பற்றி. இடம் நம் கிழக்குக் கரை, எனக்குப் பழகியது சென்னைக்குத் தெற்கே ஈசிஆர் ஓரம், ராமேஸ்வரம் பக்கம் கொஞ்சம். மேற்குக் கரையில் காற்றின் கணக்கு தலைகீழாக மாறும், அங்கே போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் பாதி நேரம் குளிர்ந்த தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். நம் கடல் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் குறையாது, விழுந்த உடனே உடம்பு விறைத்துப்போகாது. நம்மைச் சாய்ப்பது வெயில், தாகம், களைப்பு, அதற்கெல்லாம் முன்னால் காற்று.

படகு வாங்குவதற்கு முன்பே

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் நாலு சுற்று அடிக்கத் தெரிவது மட்டும் போதாது, கால் எட்டாத தண்ணீரில் பத்து நிமிஷம் பதற்றம் இல்லாமல் மிதக்கத் தெரிய வேண்டும். அது வரவில்லை என்றால் படகுக்கு ஒதுக்கிய காசில் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்.

படகு என்றால் புதியவர்களுக்கு நான் சொல்வது, மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக். கால்களை உள்ளே நுழைத்துக்கொள்ளும் வகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மேலே உட்காரும் வகை மூடிய கூடு, நீங்கள் உட்காரும் பள்ளத்தில் விழுகிற தண்ணீர் ஓட்டைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். இது நமக்குப் புதிய யோசனை இல்லை. கட்டுமரம் மூழ்காததற்குக் காரணமும் அதில் தண்ணீர் நிரம்ப ஒரு குழியே இல்லை என்பதுதான், கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்தைய காலத்தில் கப்பல்கள் வெளியே நிற்க, ஆட்களை மசூலா படகுகளில் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள், கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்குவதற்காக. அப்படி உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்ததாகவும் பழைய பதிவுகள் உண்டு. அந்த அலை இன்னும் இந்தக் கரையில் உடைந்துகொண்டுதான் இருக்கிறது.

கயாக்கின் ஓட்டில் விரிசல் இருக்கிறதா, வடிகால் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மூடி தளர்ந்து கூட்டுக்குள் தண்ணீர் போனால் மேலே சொன்ன கதையெல்லாம் செல்லாது. கடைத்தெருவில் விற்கிற, காற்றடித்த ரப்பர் பொம்மைப் படகில் கடலுக்குப் போகவே போகாதீர்கள். அது ஒரு பலூன். கரைக்காற்று அதை எடுத்துக்கொண்டு போகிற வேகத்துக்கு ஒலிம்பிக் வீரராலும் துடுப்புப் போட முடியாது.

லைஃப் ஜாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே அதன் மிதப்புச் சக்தி நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 50 என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவர், உதவி பக்கத்தில் இருக்கிற இடத்தில் போடுவது. 100, 150 எல்லாம் அதற்கு மேல், ஆனால் அதிகப் பருமனாக இருந்தால் துடுப்புப் போட முடியாமல் கழற்றி வைத்துவிடுவீர்கள், கழற்றி வைத்த ஜாக்கெட் படகில் இருக்கிற இன்னொரு குப்பை, அவ்வளவுதான். போட்டுக்கொண்டு தோள்பட்டையில் பிடித்து நண்பரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு, பட்டைகளை இறுக்குங்கள், இறுக்கியும் ஏறினால் வேறு அளவு வாங்குங்கள். சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கொடுக்கிற ஜாக்கெட்டுகளில் பாதிக்குக் கொக்கி உடைந்திருக்கும், கூச்சப்படாமல் வேறு கேளுங்கள்.

ஜாக்கெட்டிலேயே ஒரு விசில் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் கயிறு அறுக்க ஒரு சின்னக் கத்தி, தண்ணீர் புகாத உறையில் போன், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ஓஆர்எஸ் பொட்டலம், தாடையில் கட்டுகிற தொப்பி, முழுக்கைச் சட்டை. முழுக்கை வெயிலுக்கு மட்டும் இல்லை, சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டால் அன்றைக்கு இரவு தூக்கம் போய்விடும். சட்டை ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் கடலில் காணாமல் போகும் நிறங்கள்.

கவிழப் பழகுங்கள்

யாரும் விரும்பிச் செய்யாத பாடம் இதுதான், அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன். அலை இல்லாத நாளில், மார்பளவு தண்ணீரில், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். விழும்போதே ஒரு கை துடுப்பை விடக்கூடாது, அடுத்த நொடி மறு கை படகைப் பிடிக்க வேண்டும். படகு தலைகீழாக இருந்தால் அடியில் கையைக் கொடுத்து மறுபக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள். நடுவில் வந்து, கால்களைப் பின்னால் நீட்டித் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, மீன் கரையேறுவதுபோல வயிற்றால் படகின் மேல் சரியுங்கள். கால் படகுக்கு அடியில் போய்விட்டால் ஏறவே முடியாது, புதியவர்கள் தோற்பது இந்த இடத்தில். வயிறு படகில் பதிந்த பிறகு மெதுவாக மல்லாந்து திரும்பி இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். அவசரப்பட்டு முழங்கால் போட்டு ஏறினால் மறுபடி கவிழும்.

முதல் நாள் சிரிப்பாக இருக்கும். ஐந்தாவது முறை கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடும் ஏற முடிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் உண்மையில் கவிழும் நாளில் நீங்கள் களைத்துத்தான் இருப்பீர்கள். தொடர்ந்து மூன்று தடவை யார் உதவியும் இல்லாமல் ஏற முடியாதவர், கால் எட்டும் ஆழத்தைத் தாண்டிப் போகக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது, எவ்வளவு பெரிய உடற்பயிற்சி வீரராக இருந்தாலும் சரி.

முந்தின நாள் இரவு

முன்னறிவிப்பு பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் கடல் நிலை அறிவிப்பு கொடுக்கிறது, அலை உயரம், காற்று, நீரோட்டம், எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். காற்று வேகத்தை நாட் கணக்கில் போட்டிருந்தால், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 7, 8 நாட்டுக்குள் இருந்தால் புதியவர்கள் போகலாம். 10 தாண்டினால் கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும், அது வீட்டுக்குப் போகச் சொல்கிற நுரை.

அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது, நடுவில் அதைப்போல இரண்டு மடங்கு அலையும் ஒன்றிரண்டு வரும். உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை நொடி என்றும் பாருங்கள். அதே 1 மீட்டர் அலை, 6 நொடிக்கு ஒன்று வந்தால் அது பக்கத்துக் காற்று கிளப்பியது. 14, 15 நொடிக்கு ஒன்று வந்தால் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் அனுப்பியது, கரையில் வந்து உடையும்போதுதான் அதன் கனம் தெரியும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் திடீரென்று ஏறும், கேரளத்தில் இதற்கு கள்ளக்கடல் என்றே பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாகவே இருந்தாலும், நமக்கு விடுமுறை.

கரையில் இருக்கும் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள்: எந்த இடத்தில் இறங்குகிறேன், எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் என்னிடமிருந்து போன் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்த இரண்டும் அவர் போனிலும் உங்கள் போனிலும் இருக்கட்டும். ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது, அதனால் ஒரே தட்டில் அழைக்கிற மாதிரி முன்னாடியே அமைத்துவைத்து, உறைக்குள் போட்டபடியே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

காலையில், கரையில் நின்று

வந்த உடனே படகை இறக்காதீர்கள். பதினைந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். மண்ணை ஒரு பிடி எடுத்து இடுப்புயரத்திலிருந்து விடுங்கள், எந்தப் பக்கம் பறக்கிறது? கொடி, தென்னை ஓலை, குப்பத்து அடுப்புப் புகை எல்லாம் ஒரே திசையைச் சொல்கிறதா?

கிழக்குக் கரையின் கணக்கு இது. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், கரைக்காற்று. வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கடலிலிருந்து நிலத்துக்கு வரும். பிப்ரவரி, மார்ச்சில் கரைக்காற்று மெல்லியது, பத்து பதினொரு மணிக்கெல்லாம் கடல் காற்று தொடங்கிவிடும், புதியவர்களுக்கு இந்த மாதங்களில் கரைக்காற்று அடங்கிய பிறகான காலை நேரம்தான் சரியானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றும் கரைக்காற்றும் ஒன்றுசேர்ந்து மேற்கிலிருந்து அடிக்கும், சில நாள் மத்தியானம்வரை திரும்பாது. கரையில் வீடுகளும் சவுக்குத் தோப்பும் அதைத் தடுப்பதால் முதல் இருநூறு மீட்டர் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். அதைத் தாண்டினால்தான் காற்று பிடிக்கும். நான் மாட்டியது இதில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை, கொந்தளிப்பு, புயல் காலம், அப்போது கடல் பக்கமே வேண்டாம்.

இப்படிக் கணக்குப் போடுங்கள். புதியவர் அமைதியான தண்ணீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போவார். எதிர்காற்றில் அது 2 ஆகும், களைத்த பிறகு 1 ஆகும். காற்று படகை மணிக்கு 2 கிலோமீட்டர் தள்ளுகிறது என்றால், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் படம் எடுத்தால் 300 மீட்டருக்கு மேல் போய்விடுவீர்கள், அந்த 300 மீட்டரைத் திரும்பப் பிடிக்க உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று பாருங்கள். அதனால் விதி ஒன்று: காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் புதியவர் இறங்கக்கூடாது. விதி இரண்டு: கரையோரமாகப் போகும்போது முதலில் எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளட்டும். பலம் இருக்கும்போது கஷ்டம், பலம் போனபிறகு சுலபம்.

குப்பத்தில் யாராவது வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பார்கள், நீரோட்டத்துக்கு வேறு பெயர்கள், பெயர் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். "இன்னிக்குப் போலாமா அண்ணே?" என்றால் அவர் கடலைக்கூடப் பார்க்க மாட்டார், உங்கள் படகைப் பார்ப்பார். வேண்டாம் என்று தலையாட்டினால் காரணம் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அவர்கள் படகே எதுவும் இறங்காமல் வரிசையாகக் கரையில் நின்றால் கேட்கவே தேவை இல்லை.

தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்புப் பக்கம் இறங்காதீர்கள். கல்லை ஒட்டி வெளியே இழுக்கும் ஓட்டம் அங்கே எப்போதும் இருக்கும். முகத்துவாரத்திலும் வேண்டாம், கடல் மட்டம் வடிகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓட, எதிரே கடல் காற்று அடித்தால், அலை செங்குத்தாக எழும்பி நிற்கும். ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒரு வசதி, தீவுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல், வடகடல் கலங்கினால் தென்கடல் அடங்கியிருக்கும், தென்கடல் கலங்கினால் வடகடல் அடங்கியிருக்கும், பருவத்தைப் பார்த்துப் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாம்பன் பாலத்தின் அடியில் ஓட்டம் கடுமை, அங்கே விளையாட்டு கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் எல்லைக்கோடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏரிதானே என்று சிலர் சொல்வார்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் ஏரிச் சவாரிக்குப் போனபோதுதான்.

அலையைத் தாண்டுவது

அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரியது, பிறகு கொஞ்சம் அடங்கும். இரண்டு மூன்று கூட்டம் எண்ணிப் பார்த்து, அடங்குகிற நேரத்தில் தள்ளுங்கள். படகின் அணியம், அதாவது முன்மூக்கு, அலைக்கு நேராக இருக்க வேண்டும், சாய்ந்தால் குறுக்கே திருப்பிப் புரட்டிவிடும். உடையும் அலை முன்னால் வந்தால் நிறுத்தாதீர்கள், முன்னால் குனிந்து துடுப்பைத் தொடர்ந்து போடுங்கள். நின்றவன் கவிழ்வான். இருவர் படகாக இருந்தால் யாரும் எழுந்து நிற்கக்கூடாது, செல்ஃபிக்குக்கூட.

இன்னொன்று, இது எல்லாவற்றையும்விட முக்கியம்: அலை உடைகிற இடத்தில் படகை விட்டு விழுந்தால், படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய படகை அலை உங்கள் முழங்கால்மேல் தூக்கிப் போடும். கடல் பக்கமாக இருங்கள், படகு முன்னால் போகட்டும்.

வெளியே போன பிறகு

கரையை ஒட்டியே போங்கள், முதல் பத்து தடவைக்கு 300 மீட்டருக்கு மேல் வேண்டாம். கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரமும் மாதிரி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று பாருங்கள். இரண்டும் விலகிக்கொண்டே போனால் ஓட்டம் உங்களைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. மீனவர்கள் காலங்காலமாக இப்படித்தான் கணக்கு வைக்கிறார்கள், போன் மேப்பைவிட இது வேகமாகத் தெரியும்.

கொடி கட்டிய மிதவை, தெர்மகோல் துண்டு வரிசை தெரிந்தால் அங்கே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். வலை அறுந்தால் நஷ்டம் அவர்களுக்கு, சிக்கினால் ஆபத்து உங்களுக்கு. விசைப்படகின் குறுக்கே போகாதீர்கள், அவர் உங்களைப் பார்த்திருப்பார் என்று நம்பவே நம்பாதீர்கள். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள். திரும்புவதற்கு நேரம் குறித்துக்கொண்டது ஒரு மணி நேரம் என்றால் இருபதாவது நிமிஷத்தில் திரும்புங்கள், பாதியில் இல்லை.

திரும்ப முடியவில்லை என்றால்

காற்று திடீரென்று மாறி வெளியே தள்ளுகிறது. முதலில் படம், பேச்சு எல்லாம் நிறுத்துங்கள். முன்னால் குனிந்து, சின்னச் சின்னத் துடுப்பாக, விடாமல் போடுங்கள். புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், எந்தக் கரையானாலும் கரைதான், காற்றுக்குச் சாய்வாகப் போனால் சில சமயம் வழி கிடைக்கும். பத்து நிமிஷம் போராடியும் கரை அடையாளம் நெருங்கவில்லையா, உடனே 1554 அழையுங்கள். வெட்கப்பட்டு இன்னும் அரை மணி நேரம் முயற்சி செய்துவிட்டு அழைத்தால் போன் சிக்னலும் போயிருக்கும், கையும் போயிருக்கும்.

ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரமும் 40 மீட்டர் கயிறும் இருந்தால் இந்த நேரத்தில் தங்கம். சென்னைக் கரையில் ஒரு கிலோமீட்டருக்குள் ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டர் அளவில்தான், நங்கூரம் மணலைப் பிடித்துவிட்டால் அதற்குமேல் நீங்கள் வெளியே போக மாட்டீர்கள், தேடுகிறவர்களுக்கும் நீங்கள் ஒரே இடத்தில் இருப்பீர்கள். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பிவிட்டால் அதுவே கரைக்குக் கொண்டுவந்தும் விடலாம், அதை நம்பி இறங்கத்தான் கூடாது. நங்கூரக் கயிற்றை அணியத்தில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் அலை படகைக் குறுக்கே நிறுத்திக் கவிழ்த்துவிடும். கத்தி சொன்னேன் அல்லவா, அது இதற்கும்தான்.

கவிழ்ந்து ஏற முடியாமல் போனால் படகை விடாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும், நீந்திவிடலாம் என்றுதான் தோன்றும், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண் தூரத்தைக் குறைத்துக் காட்டும். தேடி வருகிறவருக்குப் படகு தெரியும், உங்கள் தலை தெரியாது. வேறு படகு கண்ணில் பட்டால் விசிலை விட்டு விட்டு ஊதுங்கள், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள், திரும்பத் திரும்ப. உலகம் முழுக்கக் கடலில் அதற்கு 'உதவி' என்றுதான் அர்த்தம். ஒரு கையை மட்டும் ஆட்டினால் வணக்கம் சொல்கிறீர்கள் என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், எனக்கு அப்படி ஒரு படகு போனது.

இழுத்து வருகிற மீனவருக்கு டீசல் காசாவது கொடுங்கள். உங்களுக்காக அவர் பாதி வலையை விட்டு வந்திருப்பார்.

கரைக்குத் திரும்பும்போது

உடையும் இடத்துக்கு வெளியே நின்று மறுபடி அலைக்கூட்டத்தை எண்ணுங்கள். பெரிய அலை உங்களைக் கடந்து போனதும் அதன் முதுகிலேயே பின்தொடர்ந்து வேகமாகப் போங்கள். அடுத்த அலை பின்னாலிருந்து தூக்கினால் முன்னால் குனியாமல் பின்னால் சாயுங்கள், இல்லையென்றால் மூக்கு மண்ணில் குத்தும். முழங்கால் ஆழம் வந்ததும் கடல் பக்கமாக இறங்கி, படகை உடனே மேட்டுக்கு இழுங்கள்.

அப்புறம் படகைக் கழுவுவதற்கு முன்னால், டீ குடிப்பதற்கு முன்னால், முந்தின இரவு செய்தி அனுப்பினீர்களே, அந்த ஆளுக்குப் போன் போட்டு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நான் ஒருமுறை மறந்து, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி 1093க்கு அழைத்துவிட்டார்.